தோட்டம்: ஒரு வேளாண் சொல்லின் பொருள்கள்

(மடுல்கெல்லயில் தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்முடைய மலைநாட்டில் முன்பின் அறியாத இருவர் பஸ்சிலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், பெயரைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி வந்துவிடும். "எந்தத் தோட்டம்?" பதில் வந்தவுடன் அடுத்த கேள்வி, "எந்த டிவிசன்?" அதற்கும் பதில் வந்துவிட்டால், பெரும்பாலும் ஒரு மாமன், மச்சான் உறவைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். இதே கேள்வியை யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் கேட்டால், "வெங்காயம் போட்டிருக்கிற தோட்டமோ, புகையிலைத் தோட்டமோ?" என்று திருப்பிக் கேட்பார். கோயம்புத்தூர்ப் பக்கம் கேட்டால், "கிணத்தடித் தோட்டந்தானுங்க" என்பார். சொல் ஒன்றுதான். இங்கே அது ஒருவருடைய பிறப்பிடம், வதிவிடம், தொழில், கடித முகவரி எல்லாமாக இருக்கிறது. ஒரு வேளாண் சொல் இத்தனை சுமையை எப்படித் தூக்கிக்கொண்டது என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் தமிழில் இந்தச் சொல்லுக்கு உறவான சொற்களைப் பார்த்துவிடுவோம். மாணவர்கள் "ஒருபொருட் பன்மொழி" என்று பாடமாக்குகிற பட்டியல் உங்களுக்குத் தெரியும்: தோட்டம், துடவை, படப்பை, கொல்லை, தோப்பு, சோலை, கா, பொழில், தண்டலை, நந்தவனம். பரீட்சைக்கு இது போதும். ஆனால் மண்ணைக் கிண்டுகிறவர் யாரும் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தியதில்லை. தோப்பு என்றால் மரம். தென்னந்தோப்பு, மாந்தோப்பு என்போம், கத்தரித் தோப்பு என்று சொல்ல மாட்டோம். நந்தவனம் கோயிலுக்குப் பூக் கொடுப்பது. கொல்லை தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டின் பின்புறம். வேறு சில இடங்களில் வானம் பார்த்த புன்செய் நிலம். துடவையும் படப்பையும் பழம் பாட்டுகளில் நின்றுவிட்டன. படப்பை சென்னைக்கு அருகே ஓர் ஊர்ப் பெயராக மட்டும் பிழைத்திருக்கிறது. சோலை, கா, பொழில், தண்டலை ஆகிய நான்கும் நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் உரியவை. அங்கே மனிதன் போய் உட்காருவான், உழைக்க மாட்டான்.

உழைப்பு உள்ள சொல் தோட்டம். தோண்டுதல் என்ற வினையோடு இதை உறவுபடுத்திச் சொல்கிறவர்களும் உண்டு. தெலுங்கிலும் கன்னடத்திலும் தோட்ட, தோட என்றும், மலையாளத்தில் நம்மைப் போலவே தோட்டம் என்றும் இருப்பதால், இது தென்னாட்டு உழவரின் பழைய பொதுச்சொத்து என்பதில் ஐயமில்லை.

மலைக்கென்றே நம் பழந்தமிழில் ஒரு சொல் இருந்தது: புனம். குறிஞ்சி நிலத்தார் காட்டை வெட்டிச் சுட்டுத் தினை விதைத்த சரிவு அது. புதிதாகத் திருத்திய கொல்லைக்கு இதை என்று பெயர். நெடுநாள் உழுது பழகியதற்கு முதை என்று பெயர். எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்! கிளி விரட்டப் பரண் கட்டி, பெண்பிள்ளைகள் அதில் இருந்து காவல் காத்தார்கள். மலைச்சரிவில் பயிர் செய்கிற தமிழருக்குச் சொந்தமான சொல் புனம்தான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு கழித்துத் தமிழர் மறுபடியும் ஒரு பெரிய மலைச்சரிவில் பயிர் செய்ய வந்தபோது, அதைப் புனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சமவெளியில் கிணற்றடி நிலத்துக்கு வைத்திருந்த சொல்லைக் கொண்டுவந்து இந்த மலைக்கு வைத்தார்கள்.

அந்தக் கிணற்றடி நிலம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் வலி விளங்கும். கொங்கு நாட்டிலும் சேலத்திலும் இன்றும் நிலத்தை மூன்றாகச் சொல்வார்கள். ஆற்றுப் பாசனமும் நெல்லும் உள்ளது வயல். மழையை நம்பியது காடு; "காட்டுக்குப் போறேன்" என்றால் சோளக் கொல்லைக்குப் போகிறேன் என்று பொருள். கிணறு வெட்டி, கவலை கட்டி, மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துப் பயிர் வைப்பது தோட்டம். ஆகவே தோட்டம் இருக்கிறது என்றால் கிணறு இருக்கிறது, மாடு இருக்கிறது, ஒரு குடும்பம் சொந்தக் காலில் நிற்கிறது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். துலா மிதித்து இறைத்து, பரப்புக் கணக்கில் அளந்த துண்டு நிலத்தில் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் போட்டார்கள். "அவர் தோட்டம் செய்கிறார்" என்றால் அவர் தன் காணியில் தானே பாடுபடுகிறவர். தோட்டக்காரர் என்பது அங்கே மதிப்பான சொல்.

திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று பல சீமைகளிலிருந்தும் நம் முன்னோர் வந்தார்கள். நிலமற்றவர்கள், நிலம் இருந்தும் வானம் பொய்த்தவர்கள். ஊருக்கு வந்து ஆள் திரட்டிய கங்காணி, "கண்டிச் சீமையில் தோட்டத்தில் வேலை" என்றபோது அவர்கள் காதில் என்ன விழுந்திருக்கும்? தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக நம் பாட்டிமார் சொன்ன கதை எல்லா லயத்திலும் உண்டு. அந்தக் கதையைவிட "தோட்டம்" என்ற அந்த ஒரு சொல்லே பெரிய ஆசை வார்த்தையாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பண்ணையாரின் வரப்பில் நின்றுகொண்டு, கிணறும் பச்சையும் உள்ள தோட்டத்தை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

வந்து சேர்ந்த வழி உங்களுக்குத் தெரியும். படகில் மன்னார்க் கரை, அங்கிருந்து வன்னிக் காட்டுக்குள் கால்நடை, தம்புள்ளை, மாத்தளை. வழியில் கொள்ளை நோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வளர்ந்ததற்கு, பிழைத்து வந்து சேர்ந்தவர்களின் அந்த நன்றியும் ஒரு காரணம். மாத்தளையிலிருந்துதான் ஒரு கூட்டம் இந்த நக்கிள்ஸ் மலைப் பக்கம் ஏறியது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் வருவதற்கு முன் இந்த மலை வெறுமையாக இருக்கவில்லை. கண்டிச் சிங்களக் குடியானவர்கள் பள்ளத்தில் வயல் வைத்திருந்தார்கள். சரிவில் காட்டைச் சுட்டுக் குரக்கன் விதைத்தார்கள். சிங்களத்தில் அது ஹேன, இலங்கைத் தமிழில் சேனை. நம் புனமும் அவர்களுடைய ஹேனவும் செய்முறையில் ஒன்றே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனையையும் அரசுக்குரியதாக்கியது. அக்காலத்தில் அரசு விற்ற நிலத்தின் விலை ஏக்கர் 5 ஷில்லிங். கிராமத்தான் சேனையை இழந்தான்; வந்தவனுக்கும் அந்தச் சேனையில் ஒரு பிடி மண் சொந்தமாகவில்லை. இரண்டு பேரையும் ஏமாற்றிய அதே நிலத்துக்குத்தான் தோட்டம் என்று பெயர் வந்தது. சிங்களத்தில் வத்த என்றார்கள். அந்தச் சொல்லும் நம் சொல்லைப் போன்றதே. வீட்டைச் சுற்றிய பலாவும் மிளகும் வாழையும் உள்ள வளவுக்கு வைத்த பெயர். கண்டி மல்வத்து விகாரையின் பெயரில் மலர்த்தோட்டமாக இருக்கும் அதே வத்த, ஆயிரம் ஏக்கர் தேயிலைக்கும் பெயராயிற்று. இரு மொழியும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி நீட்டப்பட்டன.

கோப்பிக் காலத்துக்கும் தேயிலைக் காலத்துக்கும் இடையில் இந்தச் சொல்லுக்குள் நடந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். தோட்டங்களில் முதலில் வந்த கோப்பி, பருவப் பயிர். பழம் பறிக்கிற மாதங்களில் ஆள் வேண்டும், மற்ற மாதங்களில் அவ்வளவு வேண்டாம். நம்மவர்களில் பலர் வந்து உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். அப்போது தோட்டம் என்பது போய்வருகிற இடம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1867இல், இதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி சாய்ந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை 3 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. தேயிலைக்குப் பருவ ஓய்வு இல்லை. ஒரு செடியில் எடுத்த கொழுந்து ஏழு, பத்து நாளில் மறுபடியும் வந்து நிற்கும். ஆகவே ஆள் திரும்பிப் போகக் கூடாது. பெண்கள் வர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், அந்தப் பிள்ளையும் கொழுந்து எடுக்க வேண்டும். தோட்டம் என்ற சொல்லுக்குள் பிள்ளைக்காம்பராவும் கோயிலும் சுடுகாடும் அப்போதுதான் வந்து சேர்ந்தன. பயிரின் தன்மை மாறியது, சொல்லின் பொருளும் மாறியது.

அந்த நாளிலிருந்து நம் பேச்சில் மூன்று சொற்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. ஊர் என்றால் இந்தியாவில் விட்டுவந்த கிராமம். "ஊருக்குப் போயிட்டாங்க" என்றால் இராமேஸ்வரம் தாண்டிப் போய்விட்டார்கள் என்று பழையவர்களுக்குப் புரியும். நாடு என்றால் தோட்டத்து எல்லைக்கு வெளியே உள்ள சிங்களக் கிராமம். "நாட்டுப் பக்கம் போய்ப் பலாக்காய் வாங்கிட்டு வா" என்று அனுப்புவார்கள். தாங்கள் வாழ்கிற இடம் தோட்டம். தமிழனுக்கு ஊரும் நாடும் எவ்வளவு நெருக்கமான சொற்கள்! அவை இரண்டும் வேறெங்கோ, வேறு யாருக்கோ உரியதாகிப் போய், தனக்கென்று ஒரு வேளாண் சொல் மட்டும் எஞ்சியிருந்த மக்கள் நாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. நம் பேச்சு வழக்கோ அதற்கு வெகுகாலம் முன்பே, நாடு நமக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தோட்டம் இப்படி ஊரின் வேலையைச் செய்யத் தொடங்கியபின், பயிர் நிற்கிற நிலத்துக்கு வேறு சொல் வேண்டியிருந்தது. அதற்கு வந்த சொல் மலை. "இன்னைக்கு எந்த மலை?" என்று காலையில் பெரட்டுக்களத்தில் கேட்பது மலையைப் பற்றிய கேள்வி இல்லை என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழுந்து மலை, கவ்வாத்து மலை, புல்லு வெட்டுகிற மலை. வேலைக்குப் போவது மலைக்குப் போவது. மலைக்குள் ஒவ்வொருவருக்கும் அளந்து விடுவது நிரை. நிரை பிடிப்பதில் சண்டையும் உண்டு, நட்பும் உண்டு. நல்ல கொழுந்து நிற்கிற நிரை யாருக்குக் கிடைக்கிறது, வழுக்குப் பாறையும் அட்டையும் உள்ள தொங்கல் நிரை யாருக்குப் போகிறது என்பது கங்காணியின் கையில் இருந்தது. மேலே, கீழே என்பதற்குப் பதிலாக மேமலை, பணிய என்போம். தமிழ்நாட்டுச் சமவெளியில் பணிதல் என்பது தலை வணங்குவது. இங்கே பணிய லயத்துக்குப் போய்வா என்றால் கீழ் லயத்துக்குப் போய்வா என்று பொருள். சரிவில் வாழ்கிறவர்களின் திசைச்சொல் அது.

பெரட்டு என்றேன். ஆங்கிலேயரின் பரேடுதான் நம் நாவில் பெரட்டு, பிரட்டு ஆயிற்று. விடியலில் தப்படித்து எழுப்பி, ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற இடம் அது. செடியை வெட்டுகிற கவ்வாத்தைக் கவனியுங்கள். அகராதியில் கவாத்து என்பதற்கு இரண்டு பொருள் இருக்கும்: படைப்பயிற்சி ஒன்று, செடி வெட்டுதல் மற்றது. ஆளையும் செடியையும் ஒரே மட்டத்தில் நிறுத்துகிற ஒழுங்கு இந்த நிலத்தின் ஒழுங்காக இருந்தது. அதற்கேற்ற சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

கவ்வாத்து மலையை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வைத்து வெட்டுவார்கள். வளைந்த கத்தியை ஒரே வீச்சில் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். வெட்டு வாய் பிளக்கக் கூடாது, சரிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் நின்று தண்டு அழுகும். ஆண்களின் வேலை. வெட்டி முடிந்த மலை முழுக்க முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் குச்சிகளாய் நிற்கும். கீழே விழுந்த கிளைகள்தான் மிளார். அதைக் கட்டித் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து முன்திண்ணையான இஸ்தோப்பில் அடுக்கி வைத்தால் மழை மாதத்துக்கு அடுப்பு எரியும். மிளார் பழந்தமிழ்ச் சொல். இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போனது. இஸ்தோப்புக்கு உள்ளே இருக்கிற காம்பரா போர்த்துக்கேயருடையது. காம்பராக்களை வரிசையாகக் கோத்த லயம் ஆங்கிலேயரின் லைன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றுக்குள் நான்கு மொழிகள் குடியிருக்கின்றன. இதை வேறு எந்தத் தமிழர் வீட்டிலும் காண முடியாது.

பேர் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழில் பேர் என்றால் பெயர், ஆள், புகழ். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. சொன்ன கிலோ எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தனை பேர் விழுந்திருக்கு?" என்று ஒரு பெண் கேட்டால், எத்தனை நாள் செக்ரோல் பதிவேட்டில் தன் பெயர் ஏறியது என்று கேட்கிறாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பாருங்கள். காலையிலிருந்து தலையில் கயிறு அழுந்த, இடுப்பில் படங்கு கட்டி, மட்டக்கம்பு போட்டு மட்டம் பார்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எடுத்ததைத் தராசில் கொட்டுகிறாள். முத்தல் இலையைப் பொறுக்கி எறிகிறார்கள். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழிவு போகிறது. மிச்சம் எண்ணாக ஏறுகிறது. அந்த எண்தான் அன்று அவளுக்குப் பேர். பெயருக்கும் கூலிக்கும் ஒரே சொல்லை வைத்த அந்த வாழ்க்கையைச் சமூகவியல் நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நம் பாட்டிமார் ஒரே சொல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

தவறணையை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கள்ளுக்கடையும் தவறணை, தேயிலைக் கன்று வளர்க்கிற நாற்றுமேடையும் தவறணை. முன்னது ஐரோப்பியர் வழி வந்தது. பின்னது சிங்களத்தின் தவான என்ற சொல்லோடு உறவுடையது. இரண்டையும் நம் நாக்கு ஒரே உருவமாக்கிவிட்டது.

கொழும்பில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்தது வேறு. கறுவாத்தோட்டம் என்றால் நாட்டிலேயே விலைகூடிய காணி. ஒல்லாந்தர் காலத்துக் கறுவாச் செய்கையின் நினைவு அந்தப் பெயர். அதே நகரத்தில், நெருக்கமான குறுக்குத் தெருக்களில் பொதுக் குழாயடியும் சிறு வீடுகளுமாக ஏழைகள் வாழ்கிற இடத்துக்கும் தோட்டம் என்றே பெயர். சென்னையிலோ பெரிய மனிதரின் மாளிகை தோட்டம். கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். வாழ்ந்த வீட்டை ராமாவரம் தோட்டம் என்றுதான் தமிழ்நாடு அழைத்தது. மலேசியத் தமிழர்தாம் நமக்கு மிக நெருக்கம். அங்கே ரப்பர் தோட்டம், தோட்டப்புறம், தோட்டப் பள்ளி என்று நம்மைப் போலவே வாழ்க்கை முழுவதையும் அந்தச் சொல்லுக்குள் வைத்தார்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பின்னர் செம்பனையும் நகரமும் வந்தபோது, தோட்டம் போயிற்று, அதோடு ஊரும் போயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஊருக்குப் போனவர்கள் மறுபடியும் போய்ச் சேர்ந்த இடம் தோட்டம்தான்.

இனி அரசு இந்தச் சொல்லை என்ன செய்தது என்று பாருங்கள். இலங்கையின் குடிசன மதிப்பீடு மக்களை மூன்று துறையாகப் பிரிக்கிறது: நகரம், கிராமம், தோட்டம். 20 ஏக்கருக்குக் குறையாமல், வதிகிற தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் அது தோட்டம். மனிதர் வாழ்கிற இடங்களில் மூன்றாவது வகை ஒன்றை ஒரு வேளாண் சொல்லால் குறிப்பது உலகில் எத்தனை நாட்டில் இருக்கும்? இதற்குப் பின்விளைவு இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. நம் மக்கள் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பினார்கள். அந்த உறுப்பினர்களால் தங்கள் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போட முடியவில்லை. காரணம், சட்டத்தின் கண்ணில் அது கிராமம் இல்லை, தோட்டம். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டுகள்! ஒரு சொல்லின் பொருள் சட்டத்தில் எப்படி எழுதப்படுகிறது என்பது ஒரு பாதையை, ஒரு மருந்துக்கடையை, ஒரு பிள்ளைப்பேற்றைத் தீர்மானிக்கிறது. பிரசவ வலியோடு மலைப்பாதையில் கம்பளியில் தூக்கிச் செல்லப்பட்ட தாய்மார் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பயன்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். தோட்டக்காட்டான். பட்டணத்துத் தமிழரும் பிற பகுதித் தமிழரும் நம்மை நோக்கி வீசிய வசை இது. தோட்டமும் நல்ல சொல், காடும் நல்ல சொல். இரண்டையும் சேர்த்து மனிதனைத் தாழ்த்தும் ஒரு சொல்லைச் செய்தவர்கள் தமிழ் படித்தவர்களே. நம் பிள்ளைகளில் சிலர் கொழும்பில் வேலைக்குப் போனால், தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "கண்டி" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. மலையகம் என்ற சொல்லை நம் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பாடுபட்டு நிலைநிறுத்தியது இந்த அவமானத்துக்கு எதிராகத்தான். பூண்டுலோயா மடக்கும்பரவில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் உலகுக்குச் சொன்னவர், தம் இறுதிக் காலத்தில் தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியதை நினைத்துப் பாருங்கள். மக்களின் வாயில் என்ன இருக்கிறதோ அதுவே செல்வம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிலத்துக்கு வருவோம், பேச்சு முழுவதும் அதற்குத்தானே. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசிடம் வந்தன. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளுக்குப் போயிற்று. இத்தனை கைமாற்றத்திலும் அதில் உழைத்தவர் கைக்கு ஒரு துண்டும் வரவில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது, தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில். இதே நாட்டின் தென்பகுதிக்குப் போனால் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிங்களக் குடியானவர், "எங்கள் தோட்டம்" என்று தன் வீட்டு வேலிக்குள் கையைக் காட்டுகிறார். 10 ஏக்கருக்குக் குறைந்தால் சிற்றுடைமை; நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இன்று அந்தச் சிற்றுடைமையாளரின் கொழுந்திலிருந்துதான் வருகிறது. அவர் சொல்கிற தோட்டம், நம் முன்னோர் திருச்சியிலும் சேலத்திலும் ஏக்கத்தோடு பார்த்த அதே தோட்டம்: சொந்த மண், சொந்தப் பயிர். நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக இந்தச் செடியைத் தொட்டுக்கொண்டிருக்கிற நமக்கு அந்தப் பொருள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த பாதையில் நம் மக்கள் மீண்டும் நடந்தார்கள். காணி, வீடு, முகவரி என்பவை அந்த நடையின் கோரிக்கைகளில் முன்னின்றன. அண்மைய ஆண்டுகளில் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டத்தில் சில குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியே வந்திருக்கின்றன. பலர் இன்னும் லயத்தில்தான். லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தியில் போஞ்சியும் கீரையும் கறிமிளகாயும் போட்டிருக்கிறீர்களே, அதுவும் தோட்டம்தான், உண்மையில் அதுதான் பழைய தமிழில் தோட்டம். அந்தப் பாத்திக்கு உறுதி இல்லை. நிர்வாகம் கேட்டால் விட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆகவே எனக்கு இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. முதலாவது பெரியவர்களுக்கு. வீட்டுக் காணி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது வீட்டு நிலத்தோடு நிறுத்தாதீர்கள். பயிர் செய்ய ஒரு துண்டையும் சேர்த்துக் கேளுங்கள், உறுதியோடு கேளுங்கள். உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கட்டும். கொழுந்துக் கூடை அவள் தலையில்தான் இருந்தது.

இரண்டாவது மாணவர்களுக்கு. இன்று நான் சொன்ன சொற்கள் ஒரு கைப்பிடி. நிரை, பணிய, மிளார், படங்கு, மட்டக்கம்பு, பேர், கைக்காசு, கொந்தரப்பு, கான்வெட்டு, முள்ளுக்குத்து என்று உங்கள் வீட்டில் இன்னும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தோட்டங்கள் காடாகிக்கொண்டு வருகின்றன. கண்டிப் பக்கத்தில் கைவிடப்பட்ட மலைகளில் தேயிலை மரமாக வளர்ந்து நிற்பதை நீங்களே பார்க்கிறீர்கள். அந்த வேலைகள் போனால் அந்தச் சொற்களும் போய்விடும். ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடமோ அப்பாயியிடமோ உட்கார்ந்து, சொல், பொருள், அவர் அதைச் சொன்ன வசனம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்பதையும் மறக்காமல் குறியுங்கள். ஒரே வேலைக்கு மலைக்கு மலை வேறு சொல் இருக்கும். திருத்தாதீர்கள், அவர் "பெரட்டு" என்றால் பெரட்டு என்றே எழுதுங்கள். எழுதிய கொப்பியை உங்கள் தமிழ் ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்த தவணை விடுமுறைக்குள் பக்கம் நிரம்பிய பத்துக் கொப்பி இந்தப் பாடசாலையில் சேர்ந்தால், அவற்றைத் தொகுத்து அச்சேற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.